கதவைத் தட்டிக்கிட்டே இருக்கிறது யாரு?

உங்கள் பழைய ஹாட்மெயில் அல்லது அவுட்லுக் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதிக்குள் போய், 'சமீபத்திய நடவடிக்கை' என்ற பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். பிளஸ் டூ படிக்கும்போது ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக அவசரமாகத் தொடங்கி, அப்புறம் மறந்தே போன கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. பலருக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் இருக்கும்: இரவு 1.10க்கு பிரேசிலிலிருந்து ஒரு முயற்சி. 1.42க்கு வியட்நாம். விடிவதற்குள் இன்னும் நாலைந்து நாடுகள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்பு, தவறான பாஸ்வேர்டு என்று. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நாம என்ன அம்பானியா, நம்ம அக்கவுண்ட் மேல யாருக்கு இவ்வளவு ஆசை என்று தோன்றும். யாருக்கும் இல்லை என்பதுதான் பதில். அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்கள் பெயரைத் தட்டச்சு செய்கிற ஆள் யாரும் கிடையாது. ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கையில் கோடிக்கணக்கான மெயில் முகவரிகளும் பாஸ்வேர்டுகளும் கொண்ட ஒரு பட்டியல். உங்கள் முகவரி அதில் ஒரு வரி, அவ்வளவுதான். பிரேசிலும் வியட்நாமும்கூட உண்மையான இடம் என்று சொல்ல முடியாது. வைரஸ் பிடித்த யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டராக இருக்கலாம், வாடகைக்கு எடுத்த ப்ராக்ஸியாக இருக்கலாம்.

இந்தத் தட்டலை நிறுத்த முடியுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஓரளவு முடியும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று: அந்தப் பக்கத்தில் தெரிவதெல்லாம் தோற்றுப்போன முயற்சிகள். பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தட்டாமலே உள்ளே வருகிறவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பட்டியல் எங்கிருந்து வந்தது?

2012ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து பாஸ்வேர்டு ஹாஷ்கள் திருடு போயின. அப்போது வெளியே தெரிந்தது 65 லட்சம். நாலு வருஷம் கழித்து, 2016 மே மாதம், அதே திருட்டின் மீதிச் சரக்கு சந்தைக்கு வந்தது: 11 கோடியே 70 லட்சம் பேரின் மெயிலும் பாஸ்வேர்டும். அடுத்த மாதமே மார்க் ஸக்கர்பெர்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. லிங்க்ட்இன் பட்டியலில் இருந்த அவருடைய பாஸ்வேர்டு 'டாடாடா' என்றும், அதையே மற்ற இடங்களிலும் வைத்திருந்தார் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஃபேஸ்புக்கையே கட்டினவருக்கு இந்தக் கதி.

இதில் கவனிக்க வேண்டியது நாலு வருஷ இடைவெளி. பட்டியல் காலாவதி ஆவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஏதோ ஒரு கேம் தளத்தில் நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு இன்று பத்தாவது கைக்கு மாறியிருக்கலாம். வாங்குகிறவர் அதை அப்படியே ஜிமெயில், இன்ஸ்டாகிராம், அமேசான் என்று ஒவ்வொரு கதவிலும் போட்டுப் பார்ப்பார். இதற்கு கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்று பெயர். பெயர் பெரிசா இருக்கே தவிர, தெருவில் கிடந்த சாவியை எடுத்து வரிசையாக எல்லா வீட்டுப் பூட்டிலும் நுழைத்துப் பார்க்கிற வேலைதான்.

இந்த எளிய வேலையால் எவ்வளவு சேதம் வரும்? மரபணுப் பரிசோதனை செய்துதரும் '23அண்ட்மீ' என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023ல் நடந்ததைப் பாருங்கள். அதன் சர்வரை யாரும் உடைக்கவில்லை. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்த சுமார் 14,000 பேரின் கணக்குகள் மட்டும் திறந்துகொண்டன. ஆனால் அந்தத் தளத்தில் 'டிஎன்ஏ உறவினர்கள்' என்று ஒரு வசதி உண்டு. ஒருவர் கணக்கிலிருந்து அவருடைய தூரத்துச் சொந்தங்களின் விவரங்களையும் பார்க்கலாம். அந்த வழியாக வெளியே போனது சுமார் 69 லட்சம் பேரின் தகவல். அந்த 69 லட்சம் பேரும் பாஸ்வேர்டு விஷயத்தில் ஒரு தப்பும் செய்யாதவர்களாக இருந்திருக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் சோம்பேறியாக இருந்தார். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆக, ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. கேட்டுக் கேட்டுப் புளித்த அறிவுரைதான். ஆனால் தினமும் நடக்கிற தட்டலில் பெரும்பகுதியை ஒன்றுமில்லாமல் ஆக்குவது இது ஒன்றுதான். ஒரு இடத்தில் கசிந்தால் அந்த இடத்தோடு போகும்.

உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் இருக்கிறது. டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013ல் தொடங்கியது. மெயில் முகவரி கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று சொல்லும். பாஸ்வேர்டையும் சோதிக்கலாம். 'பாஸ்வேர்டை ஒரு வெப்சைட்ல போய் டைப் பண்றதா' என்று நீங்கள் பதறினால் அது நல்ல பதற்றம். ஆனால் இங்கே ஒரு அழகான வேலை செய்திருக்கிறார்கள். பாஸ்வேர்டின் எஸ்எச்ஏ-1 ஹாஷை உங்கள் பிரவுசரே கணக்கிட்டு, அதன் முதல் 5 எழுத்துகளை மட்டும் அனுப்பும். பதினாறடிமான முறையில் 5 எழுத்து என்றால் 10,48,576 பெட்டிகள். அந்தப் பெட்டியில் இருக்கும் எல்லா ஹாஷ்களின் மீதிப் பகுதியையும் சர்வர் திருப்பி அனுப்பும். ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கருவியிலேயே நடக்கும். நீங்கள் தேடினது எது என்று அந்தத் தளத்துக்கே தெரியாது. டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் ஹாஷ் டேபிள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு பதில்.

கொஞ்சம் கணக்கு

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, தளத்தின் உள்நுழைவுப் பக்கத்திலேயே போட்டுப் பார்ப்பது. அங்கே ஐந்து தடவை தப்பினால் பூட்டு விழும், காப்ச்சா வரும், நேரம் ஆகும். இரண்டாவது, திருடு போன ஹாஷ் பட்டியலைச் சொந்தக் கணினியில் வைத்துக்கொண்டு நிதானமாக உடைப்பது. அங்கே தடுக்க யாரும் இல்லை. இன்றைய உயர்ரக கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று எம்டி5 ஹாஷை நொடிக்கு 10,000 கோடி முறைக்கு மேல் கணக்கிடும். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன பாஸ்வேர்டுகள் மொத்தம் 26ன் எட்டாம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 20,900 கோடி. இரண்டு நொடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அதனால்தான் நல்ல தளங்கள் எம்டி5 பக்கமே போவதில்லை. பிகிரிப்ட் போன்ற வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறைகளை வைக்கின்றன. ஆனால் எந்தத் தளம் எதை வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியப்போவதில்லை. மோசமானதை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் டைஸ்வேர் என்ற முறை 1995லேயே வந்தது. ஐந்து பகடை, 6ன் ஐந்தாம் அடுக்கு, 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். நாலு சொற்களைச் சேர்த்தால் மேலே சொன்ன கார்டு எம்டி5ஐ உடைக்க சுமார் 10 மணி நேரம் எடுக்கும். ஐந்து சொல் என்றால் 9 வருஷம். ஆறு சொல் என்றால் 70,000 வருஷம். ஒரே ஒரு சொல் கூடக் கூட எங்கே போகிறது பாருங்கள். 'அட்' குறியும் ஆச்சரியக்குறியும் போட்டு உங்கள் பெயரைச் சிங்காரிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஒரே நிபந்தனை, சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. குறளின் முதல் அடியை ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பது, ரஜினி வசனத்தை வைப்பது, பிடித்த பாட்டு வரியை வைப்பது எல்லாம் நமக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். உங்களைப் போலவே இன்னும் பல பேருக்குத் தோன்றியிருக்கும். அவையெல்லாம் பட்டியலில் வந்தாச்சு.

நாற்பது தளத்துக்கு நாற்பது பாஸ்வேர்டை யாரால் மனப்பாடம் பண்ண முடியும்? முடியாது, முயற்சியும் வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் போட்டுவிடுங்கள். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை; 2022ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டகங்களே பூட்டிய நிலையில் திருடு போயின. மாஸ்டர் பாஸ்வேர்டை ஆறு சொல்லில் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பயம் இல்லை. பலவீனமாக வைத்திருந்தவர்களுக்கு அது திறந்த வீடு. மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: மேனேஜரின் பாஸ்வேர்டு, உங்கள் முதன்மை மெயிலின் பாஸ்வேர்டு.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறவர்களை என்ன செய்வது? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான் நடக்கும். கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள், அன்றைக்கே.

ரோல் நம்பரும் பிறந்த தேதியும்

நம்ம ஊர் கல்லூரிகளின் மாணவர் போர்ட்டல்களில் இன்னும் பல இடங்களில் இருக்கும் ஏற்பாடு: யூசர்நேம் ரோல் நம்பர், பாஸ்வேர்டு பிறந்த தேதி. ரோல் நம்பர் வரிசையாக வரும். ஒன்று தெரிந்தால் வகுப்பு முழுக்கத் தெரிந்த மாதிரி. ஒரு பேட்சில் இருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று நாலு வருஷ இடைவெளிக்குள் பிறந்தவர்கள். நாலு வருஷத்துக்கு 1,461 நாள். அதாவது இந்தப் பாஸ்வேர்டுக்கு இருக்கும் சாத்தியங்கள் 1,461தான். நாலு இலக்க ஏடிஎம் பின்னில்கூட 10,000 இருக்கு.

ஐந்து தடவை தப்பினால் பூட்டு விழுமே என்பீர்கள். தாக்குபவர் ஒரே கணக்கில் ஐந்து தேதி போட மாட்டார். ஒரே தேதியை எடுத்து ஆயிரம் ரோல் நம்பரிலும் போடுவார். ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு தவறு. எந்தப் பூட்டும் விழாது. யாராவது ஒருவர் அன்றைக்குப் பிறந்திருப்பார். பாஸ்வேர்டு ஸ்ப்ரேயிங் என்பது இதுதான். உங்கள் தேதியைக் குறிவைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்தச் சிரமம்கூட வேண்டாம், உங்கள் பிறந்தநாள் ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும்.

அந்தப் போர்ட்டலில் மார்க் மட்டுமா இருக்கு? போன் நம்பர், அப்பா பெயர், வீட்டு முகவரி, சில இடங்களில் ஆதார் நகல், கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம் வரை இருக்கும். இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்படியே இன்னொன்று: நண்பனின் தேதியை ஜாலிக்குப் போட்டு உள்ளே போய் மார்க் பார்க்கிறவர்களுக்கு, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வரும். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாலி என்று அதில் ஒரு விதிவிலக்கும் இல்லை.

எல்லாச் சாவியும் தொங்கும் ஆணி

உங்களிடம் நாற்பது கணக்கு இருந்தாலும், முப்பத்தொன்பதில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் லிங்க் வருவது ஒரே இடத்துக்கு, உங்கள் மெயிலுக்கு. அதனால் மெயில் போனால் எல்லாம் போச்சு. 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு இது நடந்தது. தாக்கியவர்களுக்கு வேண்டியது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டும். அமேசான் வாடிக்கையாளர் சேவையை ஏமாற்றி அவருடைய கார்டின் கடைசி நாலு எண்ணை எடுத்தார்கள். அந்த நாலு எண்ணை ஆப்பிள் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் மெயில் வழியாக ஜிமெயில், ஜிமெயில் வழியாக ட்விட்டர். போகிற வழியில் அவருடைய ஐபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்தார்கள். மகளின் குழந்தைப் படங்கள் உட்பட. ஒரு இடத்தில்கூட பாஸ்வேர்டை ஊகிக்கவே இல்லை. கணக்குகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கட்டியிருந்ததுதான் வழி.

உங்கள் சங்கிலியையும் ஒரு பேப்பரில் வரைந்து பாருங்கள். ஜிமெயிலை மீட்க எந்த நம்பர், எந்த மெயில் கொடுத்திருக்கிறீர்கள்? நம் மாணவர்கள் பலர் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, மீட்பு மெயிலாகக் கல்லூரி முகவரியைக் கொடுத்திருப்பது. படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிடும். ஆஃபர் லெட்டர் வரும் நேரத்தில் ஜிமெயில் பூட்டிக்கொண்டால் மீட்க வழியிருக்காது. இரண்டு, பழைய சிம். முதல் வருஷம் ஹாஸ்டலில் சிக்னல் இல்லை என்று ஒரு சிம், ஆஃபர் நல்லா இருக்கு என்று இன்னொன்று. ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட நம்பர் நிரந்தரமாகத் தூங்குவதில்லை. துண்டித்து 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் மீட்பு ஓடிபி அவர் போனில் விழும். அவர் கெட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அது வராது என்பதே போதுமான கஷ்டம்.

இரண்டாவது பூட்டு

இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் பட்டியலை வைத்துத் தட்டும் ஸ்கிரிப்டுகள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். கூகுள் 2019ல் வெளியிட்ட ஆய்வில், மீட்பு எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீடே தானியங்கி பாட்களை 100 சதவீதம் தடுத்தது. மொத்தமாக வீசும் ஃபிஷிங்கை 96 சதவீதம். ஆனால் ஒருவரைக் குறிவைத்துச் செய்யும் தாக்குதலில் 76 சதவீதம்தான். 'எஸ்எம்எஸ் ஓடிபி பாதுகாப்பில்லை' என்று கேள்விப்பட்டு அதையும் போடாமல் இருப்பவர்கள் அந்த முதல் எண்ணை மறுபடி படிக்கவும். இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

அதைவிட நல்லது ஆத்தென்டிகேட்டர் செயலி. அது நெட் இல்லாமலும் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள், எண் மாறிக்கொண்டேதான் இருக்கும். தொடக்கத்தில் ஸ்கேன் செய்த க்யூஆர் கோடில் ஒரு ரகசிய எண் இருந்தது. அது உங்கள் போனிலும் சர்வரிலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் இதுவரை எத்தனை 30 நொடிகள் கடந்தன என்று இரண்டு பக்கமும் எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ரகசியத்தையும் எச்மேக்கில் போட்டு, வரும் விடையிலிருந்து ஆறு இலக்கத்தைச் செதுக்குகின்றன. இரண்டு பக்கமும் ஒரே கணக்கு, அதனால் ஒரே விடை. போன் கடிகாரம் தப்பாக ஓடினால் குறியீடு ஏற்காமல் போவதும் இதனால்தான். போன் தொலைந்தால் ரகசியமும் போகும், எனவே கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளை அச்செடுத்து வீட்டில் சான்றிதழ் வைக்கும் ஃபைலில் போட்டுவிடுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது வகை, 'நீங்கள்தானா?' என்று போனில் கேட்கும் அறிவிப்பு. இதில் மனிதனின் சலிப்புதான் ஓட்டை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு ஏற்கெனவே கையில். உள்நுழையத் திரும்பத் திரும்ப முயல, ஊழியரின் போனில் அனுமதி கேட்டு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. மறுத்துப் பார்த்தார். கடைசியில் வாட்ஸ்அப்பில் ஐடி பிரிவு என்று சொல்லிக்கொண்டு ஒரு செய்தி: ஏற்றுக்கொண்டால் நின்றுவிடும் என்று. ஏற்றுக்கொண்டார். இரவு இரண்டு மணிக்குப் போன் டிங் டிங் என்றால் நமக்கும் 'சரி' என்று அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். நீங்கள் கேட்காத அறிவிப்பு வந்தால் உங்கள் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். மறுத்துவிட்டு, அப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேட்காமல் வரும் ஓடிபிக்கும் இதே கணக்குதான், ஒரு வித்தியாசத்தோடு. உணவு டெலிவரி செயலி மாதிரி நம்பரும் ஓடிபியும் மட்டுமே கேட்கும் இடமென்றால், யாரோ உங்கள் நம்பரைத் தப்பாக அடித்திருக்கலாம், விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகுதான் ஓடிபி அனுப்பும் தளமென்றால், முதல் பூட்டு திறந்தாச்சு.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருக்கும் ஓட்டை, போலிப் பக்கம். கூகுள் மாதிரியே இருக்கும் பக்கத்தில் நீங்கள் பாஸ்வேர்டையும் ஆறு இலக்கத்தையும் போட, அது அந்த 30 நொடிக்குள் உண்மையான கூகுளில் போட்டுவிடும். இதை அடைப்பதற்கு வந்ததுதான் பாஸ்கீ. ரகசியச் சாவி உங்கள் கருவியில், பொதுச் சாவி தளத்தில். கையொப்பமிடுவதற்கு முன் பிரவுசரே டொமைன் பெயரைச் சரிபார்க்கும். போலித் தளத்தின் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சாவி வெளியே வராது. உங்கள் கண் ஏமாறலாம், அது ஏமாறாது. ஜிமெயிலில் இருக்கு, பத்து நிமிஷ வேலைகூட இல்லை.

தட்டாமல் வருகிறவர்கள்

ஒரு தடவை உள்நுழைந்ததும் தளம் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கீ வைக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது அதனால்தான். அந்தக் குக்கீயைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கணினியில் வைத்தால்? பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பிரபல யூடியூப் சேனல் கைமாறியது இந்த வழியில். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஒரு ஃபைலை அங்கே வேலை பார்ப்பவர் திறந்தார். உள்ளே இருந்த நிரல் பிரவுசரில் இருந்த உள்நுழைவு டோக்கன்களை அள்ளிக்கொண்டு போனது. கணினியைப் பற்றியே பேசிப் பிழைக்கும் சேனல் அது.

நமக்கு யார் விளம்பர ஒப்பந்தம் அனுப்பப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் ஹாஸ்டலுக்கு இது வருவது கிராக் செய்த மேட்லேப், கிராக் செய்த ஃபோட்டோஷாப், கேம் சீட் என்ற பெயர்களில். 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று ரீட்மீ ஃபைல் சொல்லும். நாமும் பண்ணுவோம். ரெட்லைன் போன்ற திருட்டு நிரல்கள் சேமித்த பாஸ்வேர்டு, குக்கீ எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி அனுப்ப அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. இரவில் நடக்கும் அந்தத் தட்டல் பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஆக்டேவ் இருக்கு, ஜிம்ப் இருக்கு, கல்லூரி லைசென்ஸ் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள். லேப் கணினியில் மெயில் திறந்தால் இன்காக்னிட்டோவில் திறந்து, போகும்போது ஜன்னலை மூடுங்கள்.

இன்னொரு வகை, வாசலில் நின்று நம்மையே திறக்கச் சொல்பவர். இன்ஸ்டாவில் சீனியர் அக்காவிடமிருந்து மெசேஜ்: "தம்பி, என் போன்ல ஓடிபி வரமாட்டேங்குது, உன் நம்பருக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன், வந்ததும் அனுப்புடா." அனுப்பினால் போவது உங்கள் கணக்கு. அனுப்பியது அக்காவே அல்ல, அவருடைய கணக்கு நேற்றே போயாச்சு. "ஒரு நிமிஷம் கால் பண்றேன்கா" என்று எழுதிவிட்டு நிஜமாகவே போன் பண்ணுங்கள். அவருக்கும் விஷயம் தெரியவரும்.

சரி, தட்டலை நிறுத்தணும்னா

மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒரு நல்ல வழி இருக்கு, பலருக்குத் தெரியாது. கணக்குத் தகவல் பகுதியில் புதிதாக ஒரு அலியாஸ் முகவரி உருவாக்கி அதை முதன்மையாக வையுங்கள். பிறகு உள்நுழைவு விருப்பங்களில் பழைய முகவரிக்கு இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய முகவரிக்கு மெயில் வழக்கம்போல வரும், ஆனால் அதை வைத்து யாரும் உள்நுழைய முடியாது. பட்டியலில் இருப்பது பழைய முகவரி. ஸ்கிரிப்ட் தட்டுவது இப்போது சுவரை. புதிய முகவரியை யாருக்கும் கொடுக்காமல் உள்நுழைவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிலேதான் இதன் பலனே இருக்கு.

'உங்கள் கணக்கில் நுழைய முயற்சி' என்று வரும் மெயிலில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டாம். அந்த எச்சரிக்கையையே போலியாக அனுப்புகிறார்கள். செயலியை நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் தன்னிடமிருந்து வந்த மெயில்களின் பட்டியலைச் செட்டிங்ஸிலேயே காட்டும்.

போயே போச்சு என்றால் வரிசை முக்கியம். சந்தேகமான லேப்டாப்பிலிருந்து பாஸ்வேர்டு மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதே கைக்குத்தான் போகும். வேறு கருவியை எடுங்கள். முதலில் மெயில். பாஸ்வேர்டு மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் பாருங்கள். அதோடு விடாமல் ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர் உங்கள் மெயில்களின் நகல் தனக்கு வருமாறு ஒரு விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். கணக்கோடு இணைத்த மூன்றாம் தரப்புச் செயலிகளையும் நீக்குங்கள். அதற்கப்புறம்தான் இன்ஸ்டாவும் மற்றதும். வாட்ஸ்அப் போனால் உங்கள் சிம்மில் மறுபடி பதிவு செய்தாலே எதிராளி வெளியேறிவிடுவார். அவர் இரண்டடுக்குப் பின் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். உங்கள் பின்னை நீங்களே முன்னாடி போட்டிருந்தால் இந்த 7 நாள் கதையே வராது.

உங்கள் பெயரில் நண்பர்களிடம் பணம் கேட்டு யாராவது அனுப்பியும் இருந்தால், அனுப்பியவர் உடனே 1930க்குப் போன் பண்ண வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கப் பார்ப்பார்கள் என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எதையும் அழிப்பதற்கு முன் மெசேஜ்கள், யூபிஐ பரிவர்த்தனை எண், நடவடிக்கைப் பக்கம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் அந்தப் பக்கத்தை 30 நாள்தான் வைத்திருக்கும்.